முன்னோடிகளின்ர கல்லில பொம்பிளையளின்ர பேரும் வெட்டுங்கோ: விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கட குடியேற்றத் திட்ட நினைவு விழாக் குழுவுக்கும் கிராம அபிவிருத்திச் சங்க நிர்வாகத்துக்கும்,

போன கூட்டத்தில நீங்கள் எடுத்த முடிவு பிழை. வாய்க்கால் சந்தியில வைக்கப்போற நினைவுக் கல்லில முதல் குடியேறின ஆக்கள் எண்டு காணிப் பேர்மிற் (அரசாங்கம் தந்த காணி அனுமதிப்பத்திரம்) வச்சிருந்த ஆம்பிளையளின்ர பேரை மட்டும் வெட்டுறது, பொம்பிளையளுக்கு அடியில ஒரு பொது வரி போட்டு விடுறது எண்டு தீர்மானிச்சு கல்லு வெட்டுறவருக்கு அட்வான்சும் குடுத்திட்டியள். நான் அந்தக் கூட்டத்தில எழும்பிக் கதைச்சனான். பதிவில இருக்கிறதைத்தான் போடலாம் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு அடுத்த விசயத்துக்குப் போயிட்டியள். அதாலதான் பொதுவில எழுதுறன், ஊர்ச் சனமும் வாசிக்கட்டும், விழாவுக்குக் காசு அனுப்பின வெளிநாட்டு உறவுகளும் வாசிக்கட்டும்.

என்ர அம்மம்மா இந்த மாசியில மோசம்போனா. தொண்ணூறைத் தாண்டின வயசு. ஐம்பதுகளில நெடுந்தீவில இருந்து வந்து இந்தக் கிளிநொச்சிக் காட்டுக்க இறங்கின முதல் ஆக்களில எங்கட வாய்க்கால்க் கரையில மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவதான். செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லாரும் வந்தனியள், சங்கத்தின்ர பேரில ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் அடிச்சு ஒட்டினனியள். அதில அம்மப்பாவின்ர பேர் பெரிய எழுத்தில கிடந்தது, அவரின்ர பாரியார் எண்டு கீழ கிடந்தது, செத்தவவின்ர பேர் எங்கயும் இல்லை. அந்த நேரம் அழுகையோட அழுகையா அதை விட்டிட்டம். இப்ப கல்லிலயும் அதே வேலை நடக்கப்போகுது, நோட்டீஸ் எண்டா மழைக்குக் கிழிஞ்சு போகும், கல் நூறு வருசம் நிக்கும்.

அவவின்ர பேரை இந்த மடல்ல நான் எழுதேல்லை. உங்களிட்டக் கையில தந்த கடிதத்தில எங்கட வாய்க்கால்ப் பொம்பிளையள் எல்லாற்ற பேரோடயும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறன். என்ர வீட்டு ஆளுக்கு மட்டும் சலுகை கேக்கிறன் எண்டு ஒருத்தரும் நினைக்கக்கூடாது. எனக்கு வடிவாத் தெரிஞ்ச சீவியம் அவவின்ரது, அதால அவவை வச்சுச் சொல்லுறன்.

இரணைமடுக் குளம் 1920ல கட்டி முடிஞ்சது, 1936ல யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையில்லாப் பிரச்சினையையும் குறைக்கக் கிளிநொச்சியில குடியேற்றம் தொடங்கினது, இதெல்லாம் உங்கட விழா மலரின்ர முதல் பக்கத்தில வரும், வரட்டும். அதுக்கு முன்னம் 1934, 35ல மலேரியா வந்து இலங்கை முழுக்க ஒரு எண்பதாயிரம் பேர் செத்தவை எண்டதையும் 1946ல டி.டி.ரி. நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கின பிறகுதான் வன்னிக் காட்டுக்க குடும்பமா வரச் சனத்துக்குத் துணிவு வந்தது எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ. ஏனெண்டா குடும்பமா வாறது எண்டா பொம்பிளையளும் குழந்தையளும் வாறது. தனி ஆம்பிளையள் அதுக்கு முதலும் வந்தவை, ஒரு போகம் விதைச்சிட்டு காய்ச்சல் பிடிச்சுத் திரும்பிப் போனவை. ஊர் எண்டு ஒண்டு நிலைச்சது வீட்டில அடுப்பு எரிஞ்ச பிறகுதான்.

வந்த முதல் போகத்துக்கு மாடு வாங்க, விதைநெல்லு வாங்க, அறுவடை வரைக்கும் சாப்பிடக் காசு எங்கால வந்தது? அம்மம்மாவுக்குச் சீதனமாக் கிடைச்ச நெடுந்தீவுப் பனங்காணியை ஈடு வச்சு. அந்தக் காணி அவவின்ர பேரில கிடந்தது. பிறகு அதை மீட்க முடியேல்லை, போயிட்டுது. இதைத்தான் நீங்கள் கொஞ்சம் நிண்டு யோசிக்கோணும் எண்டு கேக்கிறன். யாழ்ப்பாணத்தில எங்கட பெட்டையளுக்குக் காணி எழுதிக் குடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்கிறது, 1707ல ஒல்லாந்தர் எழுதி வச்ச தேசவழமை எண்ட யாழ்ப்பாண வழக்குச் சட்டத்தில இருந்தே அந்த வழக்கம் பதிவில இருக்கு, விக்கிறதுக்குப் புருசன்ர சம்மதம் வேணும் எண்ட குறை அதில இருந்தாலும் உறுதியில பேர் பொம்பிளையின்ரதுதான். அப்பிடிச் சொந்தப் பேரில கிடந்த காணியைக் குடுத்துப்போட்டு வந்து, இங்க காடு வெட்டி எடுத்த காணியில புருசன்ர பேர் மட்டும். ஒரு தலைமுறைப் பொம்பிளையள் காணி உள்ள ஆக்களா இந்தப் பக்கம் வந்து, காணி இல்லாத ஆக்களாச் செத்துப் போச்சினம்.

அவை என்ன வேலை செய்தவை எண்டு கூட்டத்தில ஒருத்தர் கேட்டவர். கேக்க வேண்டிய கேள்விதான், இப்ப ரக்ரரில உழுகிற பெடியளுக்குத் தெரியாது.

கொந்தராத்துக்காரர் பெரிய மரங்களை விழுத்திப்போட்டுப் போக, குடும்பங்களுக்கு மிஞ்சினது அடிக்கட்டை. பாலையும் வீரையும் முதிரையும் நிண்ட நிலம், பாலை வேரை அலவாங்கு போட்டு அசைக்கேலாது. அதை எரிச்சுத்தான் எடுக்கிறது. கட்டையைச் சுத்திக் கிண்டி வேரை வெளிய காட்டி, சருகும் சுள்ளியும் அடுக்கி நெருப்பு வைக்கோணும், நெருப்பு மேல பத்தினாப் பிரயோசனம் இல்லை, வேர் வழிய கீழ இறங்கோணும், அதுக்கு ஒரு ஆள் பக்கத்திலயே இருந்து கொள்ளியைத் தள்ளித் தள்ளிக் குடுத்துக்கொண்டிருக்கோணும், இரவும்தான். இடையில அணைஞ்சா கட்டை மேல கருகி உள்ளுக்க இன்னும் இறுகிப்போகும். பகல்ல அம்மப்பா மற்ற ஆம்பிளையளோட வரம்பு கட்ட, வாய்க்கால் வெட்டப் போயிடுவார், எங்கட வயல்ல இருந்த கட்டையளை எரிச்சது அம்மம்மா, வயித்தில பெரியமாமா. வலது கையில முழங்கைக்குக் கீழ தோல் சுருங்கி மினுங்கிற ஒரு தழும்பு அவவுக்குக் கடைசி வரைக்கும் இருந்தது, சின்ன வயசில நாங்கள் அதைத் தடவித் தடவிக் கதை கேக்கிறனாங்கள். உங்கள்ல கனபேர் அந்தக் கையால சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறியள், தழும்பைக் காணாமல் இருந்திருக்க மாட்டியள்.

யானைக் காவலும் அப்பிடித்தான். பரணில ஏறினது ஆம்பிளையள் எண்டுதான் கதை. ஆனா ஆம்பிளையள் கனநாள் ஊரில இல்லை, ஊருக்குத் தாய் தகப்பனைப் பாக்கப் போவினம், கோடையில கூலி வேலைக்கு வெளிய போவினம், அந்த நாட்களில தகரம் தட்டினது, தீப்பந்தம் பிடிச்சது எல்லாம் மனிசிமார்தான், ஒருத்தி குரல் குடுக்க அடுத்த வளவில மற்றவ குரல் குடுப்பா, அப்பிடியே வாய்க்கால் நீளத்துக்குக் குரல் போகுமாம். காய்ச்சல் வந்தா குயினைன் கரைச்சுப் பருக்கினது, பேறு பாத்தது, பாம்பு கடிச்ச ஆளை வண்டில்ல ஏத்தி விட்டிட்டு அவற்ற வீட்டுப் பிள்ளையளைத் தன்ர வீட்டில படுக்க வச்சது, இதெல்லாம் எந்தப் பதிவிலயும் வராது.

அம்மப்பா எழுபதுகளின்ர தொடக்கத்தில செத்தவர். மலேரியா அதுக்குள்ள திரும்பி வந்திட்டுது தெரியும்தானே, 1963ல நாடு முழுக்க பதினேழு பேருக்குத்தான் காய்ச்சல் எண்டு கணக்கு வந்து, அதோட மருந்தடிக்கிறது கைவிட்டுப்போய், 1969ல அஞ்சு லட்சம் பேருக்கு வந்தது. அடிக்கடி காய்ச்சல்ல விழுந்து விழுந்து உடம்பு தேறாமலே போனவர். அதுக்குப் பிறகு கமத்தை நடத்தினது முழுக்க அம்மம்மாதான். கொச்சிக்காயும் வெங்காயமும் வெளிநாட்டில இருந்து இறக்காமல் விட்ட காலம் அது, வன்னிக் கமக்காரர் தலை நிமிர்ந்த காலம் எண்டு எங்கட பெரிசுகள் இப்பவும் சொல்லுறது, அந்தக் காலத்தில மேட்டுக்காணியில மிளகாய் வச்சு அஞ்சு பிள்ளையளையும் படிப்பிச்சது ஒரு விதவைப் பொம்பிளை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட விலை விழுந்து போக, அந்தக் கடனை அடைச்சதும் அவதான்.

தண்ணிமுறை விசயம் இன்னும் கொஞ்சம் சொல்லோணும், ஏனெண்டா இது உங்கட சங்கத்தோட நேரா சம்பந்தப்பட்டது. சிறுபோகத்தில (கோடைப் பயிர்க்காலத்தில) தண்ணி அளந்துதான் விடுறது, எங்கட முறை கனதரம் சாமத்திலதான் வரும். அரிக்கன் லாம்போட மதகடியில போய் இருந்து, மேல் வயல்க்காரர் பலகையைச் சரியா இறக்கினவையோ எண்டு தண்ணிக்க கையை விட்டுத் தடவிப் பாப்பா, இருட்டுக்க கண்ணால பாக்கிறதை விடக் கை சொல்லும் எண்டு சொல்லுவா. எந்த வயலுக்கு எவ்வளவு நேரத்தில தண்ணி ஏறும் எண்டு அவவுக்கு அத்துப்படி, வாய்க்கால் தண்ணியைப் பங்கிட்டு விடுற வட்டவிதானையே சண்டை வந்தா அவவைக் கூப்பிட்டு விட்டுக் கேக்கிறவர். ஆனா சிறுபோகக் கூட்டத்தில அவவுக்குக் கதிரை இல்லை. வேலிக்கரையில நிண்டு கேட்டிட்டு வருவா. கூட்டக் கொப்பியில எங்கட காணிக்கு நேர செத்துப்போன அம்மப்பாவின்ர பேர்தான் வருசக்கணக்கா எழுதிக் கிடந்தது, பிறகு பெரியமாமாவுக்குப் பதினெட்டு வயசு வந்தோடன அவற்ற பேர். இந்த இடைப்பட்ட வருசங்களில அந்தக் காணிக்குத் தண்ணி பாய்ச்சினது ஆர் எண்டு அந்தக் கொப்பியைப் பாத்து ஒருத்தராலயும் சொல்லேலாது. இப்ப நீங்கள் கல்லுக்குப் பேர் எடுக்கிறது அந்தக் கொப்பியளில இருந்தும் பேர்மிற் கொப்பியளில இருந்தும்தான்.

பேர்மிற் ஏன் ஆம்பிளையின்ர பேரில வந்தது? அது நீங்கள் செய்த பிழை இல்லை, ஒத்துக்கொள்ளுறன். 1935ல வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அப்பிடி. காணி பெற்றவர் ஒருத்தரையும் பேர் குறிச்சு விடாமல் செத்தா, மனிசி உயிரோட இருக்கிறவரை அனுபவிக்கலாம், விக்கவோ எழுதிக் குடுக்கவோ ஏலாது, திரும்பக் கலியாணம் செய்தா அந்த உரிமையும் இல்லை. அவவுக்குப் பிறகு மகனுக்கு, மகன் இல்லாட்டித்தான் மகளுக்கு, பேரனுக்குப் பிறகுதான் பேத்திக்கு, இப்பிடியே ஆம்பிளை முன்னுக்கு, பொம்பிளை பின்னுக்கு எண்டு ஒரு அட்டவணையே போட்டு வச்சிருந்தவை. 1931லயே பொம்பிளையளுக்கும் வாக்குரிமை குடுத்த நாடு இது. நாலு வருசம் கழிச்சு வந்த காணிச் சட்டத்தில அவையைப் பின்னுக்குத் தள்ளி விட்டிட்டினம். எண்பது வருசத்துக்கு மேல அப்பிடியே கிடந்து, 2022லதான் திருத்தம் கொண்டுவந்து ஆண் பிள்ளை பெண் பிள்ளை வித்தியாசத்தை எடுத்தவை. சட்டம் போட்ட அரசாங்கமே அது பிழை எண்டு மாத்திப்போட்டுது, நாங்கள் ஊருக்குள்ள அந்தப் பழைய அட்டவணையை இப்ப கல்லில வெட்டி வைக்கப் போறம். இதைத்தான் என்னால ஏற்க முடியாமல் கிடக்கு.

இன்னொரு விசயம், இது உங்கட "பதிவில இருக்கிறதைத்தான் போடலாம்" எண்ட பதிலுக்கு நேரான மறுமொழி. அந்தப் பதிவுகள் எப்பிடி மிஞ்சினது? சண்டைக்குள்ள கந்தோர்களில இருந்த காணிக் கோப்புகள் கனக்க அழிஞ்சு போச்சு, நீங்கள் இப்ப பட்டியல் தயாரிச்சது வீடு வீடாப் போய் வாங்கின பேர்மிற் போட்டோக்கொப்பியளை வச்சுத்தான், விழாக் கணக்கறிக்கையில நீங்களே எழுதியிருக்கிறியள். அந்தப் பேர்மிற்றுகளை ஆர் காப்பாத்தினது எண்டு ஒரு வீட்டில எண்டாலும் கேட்டனியளோ? எங்கட வீட்டில அம்மம்மா யூரியா பையின்ர உள்ப் பொலித்தீனை அளவா வெட்டி, பேர்மிற்றை மடிச்சு உள்ளுக்க வச்சு, மெழுகுதிரியால ஓரத்தை ஒட்டி, அதுக்கு மேல பழைய சாரத் துண்டில ஒரு பை தைச்சு இடுப்பில கட்டியிருந்தவ. 1996ல கிளிநொச்சி இடம்பெயரேக்க அக்கராயன், ஸ்கந்தபுரம் எண்டு போன இடமெல்லாம் அது அவவின்ர இடுப்பில. 2008 கடைசியில விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு முள்ளிவாய்க்கால். அந்தப் பாதையில எங்கட வீட்டில ஆரை இழந்தம் எண்டு உங்களுக்குத் தெரியும், அதை இங்க எழுத எனக்கு ஏலாது. 2009 ஆவணி மழைக்கு மெனிக் பாம் அகதி முகாமின்ர கூடாரங்களுக்குள்ள வெள்ளம் வந்து எல்லாற்ற சாமானும் மிதக்க, அவ பையைக் கழட்டித் தலைக்கு மேல கூடாரக் கம்பியில கட்டிப்போட்டு அதுக்குக் கீழ நிண்டவ. மீளக் குடியேறேக்க உறுதி கேட்டாங்கள், பத்திரம் கேட்டாங்கள், பிறகு வடக்குக் கிழக்குக் காணிப் பிரச்சினையளைத் தீர்க்க அரசாங்கம் விட்ட 2013 சுற்றுநிருபத்துக்கு விண்ணப்பம் போடேக்க திரும்பவும் கேட்டாங்கள், ஒவ்வொரு முறையும் அந்தப் பை திறந்துதான் எங்கட காணி எங்களுக்கு வந்தது. பெரியமாமா வெளிநாட்டில, அவருக்கு அந்தப் பேர்மிற் நம்பரே தெரியாது. அடுத்த வளவிலயும் இதே கதை, அங்க அது சட்டையின்ர உள்த்தையல்ல இருந்தது. முன்வீட்டு ஆச்சி பிள்ளையின்ர பால்மா ரின்னுக்க வச்சுக் கொண்டு வந்தவ. பொம்பிளையள் உயிரைக் குடுத்துக் காப்பாத்தின காகிதத்தை வாங்கிப் பாத்து, இதில உங்கட பேர் இல்லை எண்டு அவைக்கே சொல்லலாமோ?

கூட்டத்தில வேற காரணங்களும் சொன்னியள். ஒண்டு, பொம்பிளையள் கனபேர் பிறகுதான் வந்தவை, முதல் வருசம் ஆம்பிளையள் தனியத்தான் வாடி அடிச்சு இருந்தவை எண்டு. உண்மைதான், சில வீடுகளில அப்பிடி. ஆனா முதல் வந்து காய்ச்சலுக்கும் யானைக்கும் பயந்து ஒரு வருசத்தில விட்டிட்டுப் போன ஆம்பிளையளின்ர பேரும் உங்கட பட்டியல்ல கிடக்கு, அவை திரும்பி வரவே இல்லை, அந்தக் காணியைப் பிறகு வேற ஆக்கள் எடுத்தவை. விட்டிட்டுப் போனவருக்கு இடம் இருக்கெண்டா, ஆறு மாசம் பிந்தி வந்து அறுபது எழுபது வருசம் இருந்து இந்த மண்ணிலயே எரிஞ்சவவுக்கு ஏன் இல்லை? போனவையின்ர பேரை எடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை, அவையும் கட்டை கிளப்பினவைதான்.

மற்றது கல்லில இடம் காணாது, செலவு கூடும் எண்டது. ஒரு வரியில ரெண்டு பேர் எழுதலாம். அதுக்கும் இடம் இல்லையெண்டா பின்பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு, அங்க நன்கொடையாளர் பேர் போட ஒதுக்கி வச்சிருக்கிறியள். ஐம்பதினாயிரம் குடுத்தவைக்கு இடம் இருக்கு.

மூண்டாவதை ஒரு ஐயா மெல்லமாச் சொன்னவர், எல்லாற்ற மனிசிமாரின்ர பேரையும் போடப்போனா நாளைக்குக் கூலிக்கு வந்த ஆக்களும் கேப்பினம் எண்டு. அவர் என்ன நினைச்சுச் சொன்னவரோ தெரியாது, ஆனா எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் வடிவா விளங்கினது. அவையின்ர பேரும் வரத்தான் வேணும். தமிழருக்கு அடிச்ச 1958 கலவரத்துக்குப் பிறகும் 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்தில இருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் எங்கட வளவுக் கரையளில, வாய்க்கால்க் கரையளில கொட்டில் போட்டு இருந்து எங்கட வயல்ல நாத்து நட்டவை, புல்லுப் பிடுங்கினவை, மேட்டுக்காணிப் பத்தையளை வெட்டி வெளியாக்கினதில பாதிக்கு மேல அவையின்ர வேலை. அவைக்குப் பேர்மிற்றும் இல்லை, கனபேருக்கு இந்த நாட்டுக் குடியுரிமையே நீண்டகாலம் இல்லாமல் கிடந்தது. அம்மம்மா நடவுக்கு அவையோட ஒரே வரிசையில குனிஞ்சு நிண்டவ, சம்பளம் குறைச்சுக் குடுக்கிற வீடுகளில போய்ச் சண்டை பிடிச்சவ. ஆனா எங்கட வீட்டிலயும் அவை திண்ணைக்கு வெளியதான் இருந்து தேத்தண்ணி குடிச்சவை, அது நான் கண்ணால கண்டது, அதையும் சொல்லாமல் என்ர அம்மம்மாவுக்கு மட்டும் நீதி கேட்டா அது சரியில்லை. செத்தவீட்டில முதல் வந்து குந்தியிருந்து வாய்விட்டு அழுதது அந்தக் குடும்பங்களின்ர கிழவியள்தான். அவையில கொஞ்சப் பேர் இன்னும் உயிரோட இருக்கினம்.

2016ல இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார அமைப்பு அறிவிச்ச செய்தியை நான் பேப்பரில வாசிச்சுக் காட்டினனான். கேட்டிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்து, பிறகு காய்ச்சல்ல செத்த ஆக்களின்ர பேரை வளவு வளவாச் சொல்லத் தொடங்கினவ, ஆம்பிளை பொம்பிளை குழந்தை எல்லாம், அவையின்ர சொந்த ஊரோட சேர்த்து. நான் எழுதேல்லை, ஞாபகம் இருக்கும் எண்டு நினைச்சன், இப்ப பாதிதான் ஞாபகம். நீங்கள் தேடுற பதிவு அவவின்ர தலைக்குள்ள இருந்தது. அப்பிடிப் பதிவு இன்னும் எங்கட ஊரில நாலைஞ்சு வீட்டுத் திண்ணையில இருக்கு, விழாவுக்குப் பொன்னாடை வாங்கிறதுக்கு முதல் அந்தத் திண்ணையளுக்குப் போங்கோ.

நான் கேக்கிறது இவ்வளவும்தான்.

கல்லு வெட்டுற வேலையை உடன நிப்பாட்டுங்கோ. வரைபடம்தான் போயிருக்கு, எழுத்து இன்னும் தொடங்கேல்லை எண்டு வெட்டுறவரே சொன்னவர், அதால நட்டம் ஒண்டும் வராது.

பொதுக்கூட்டம் ஒண்டைத் திரும்பக் கூட்டுங்கோ. ஞாயிறு பின்னேரம் வையுங்கோ, வேலைநாள் காலமை பத்து மணிக்கு வச்சா வயலுக்கும் கார்மென்ற்சுக்கும் போற பொம்பிளையள் ஒருத்தரும் வரேலாது, போனமுறை அதுதான் நடந்தது. விழாக் குழுவில இப்ப ஒரு பொம்பிளையும் இல்லை, குறைஞ்சது பாதிப் பேரையாவது அந்தக் கூட்டத்தில தெரிவு செய்ய விடுங்கோ.

கல்லில ஒவ்வொரு காணிக்கும் நேர புருசன் மனிசி ரெண்டு பேரின்ர பேரும் ஒரே வரியில, ஒரே அளவு எழுத்தில வரோணும், இன்னாரின்ர மனைவி எண்டில்லாமல் அவவின்ர சொந்தப் பேர். அந்தக் கடைசிப் பொது வரி தேவையில்லை. பேர்மிற் கொப்பி மட்டும் ஆதாரம் எண்டிராமல் வீட்டில உள்ள மூத்த ஆளையும் அயலில ரெண்டு பேரையும் கேட்டு எழுதுங்கோ, அதுக்கு வேண்டிய பத்திரத்தை நான் தயாரிச்சு வச்சிருக்கிறன், வீடு வீடாப் போறதுக்கு எங்கட வாய்க்கால்ப் பெடியளும் பெட்டையளும் ஆயத்தம். பேர்மிற் இல்லாமல் இந்த மண்ணில பாடுபட்ட மலையகக் குடும்பங்களுக்குக் கல்லின்ர முன்பக்கத்திலயே இடம் வேணும், எப்பிடி எழுதுறது எண்டதை அவையைக் கூப்பிட்டு அவையிட்டயே கேளுங்கோ.

விழா மலரை ரெண்டு மாசம் பிற்போடுங்கோ. உயிரோட இருக்கிற முதல் தலைமுறைப் பொம்பிளையள் ஒவ்வொருத்தரின்ர கதையையும் அவையின்ர குரல்ல பதிஞ்சு, எழுதி, மலரில போடோணும். அமைச்சர்மாரின்ர வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்கின பக்கங்களில பாதி போதும்.

கிராம அபிவிருத்திச் சங்கத்திட்ட தனிய ஒரு கோரிக்கை. பிரதேச செயலகக் காணிப் பகுதி அலுவலரை எங்கட மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஒரு நாள் நடமாடும் சேவை வையுங்கோ. காணி வச்சிருக்கிறவை தங்களுக்குப் பிறகு ஆருக்கு எண்டு பேர் குறிச்சு வைக்கிற அலுவலை, மகளின்ர பேரையும் குறிக்கலாம் எண்டதை எங்கட சனத்துக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. பேர் குறிக்காமல் செத்துப்போற வீடுகளில கமம் செய்த மகள் கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறதை நாங்கள் இப்பவும் பாக்கிறம். என்ர அம்மாவும் அப்பிடி நிண்ட ஆள்தான்.

கூடுதல் எழுத்துக்கு வாற செலவில எங்கட குடும்பத்தின்ர பங்கை அம்மா தாறன் எண்டு சொல்லியிருக்கிறா. மற்ற வீடுகளும் தருவினம், கேட்டுப் பாருங்கோ.

பதிலை எழுத்தில தாங்கோ, குழுத் தலைவரும் செயலாளரும் கையெழுத்து வச்சு, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முதல். ஏலாது எண்டாலும் ஏன் ஏலாது எண்டு எழுதித் தாங்கோ, அதையும் ஊர்ச் சனத்துக்கு முன்னால வாசிப்பம்.

இப்படிக்கு,
இடதுகரை வாய்க்கால்ல இருந்து ஒரு பேத்தி